உராகாமிக்காகக் கழற்றிய தொப்பி

உராகாமியை மன்னித்துவிட்டீர்களா என்று போன மாதம் ஒரு டிவிக்காரி என்னிடம் கேட்டாள். அதெல்லாம் எப்போதோ மறந்தாயிற்று, அவர் எனக்கு ஆசான் மாதிரி என்று சொன்னேன். வாய் கூசாமல் சொன்னேன். இந்த நாட்டில் இத்தனை வருடம் குப்பை கொட்டியதில் கற்றுக்கொண்ட வித்தைகளில் அதுவும் ஒன்று. உண்மையைச் சொன்னால், அந்த ஆளின் பெயரைக் கேட்டாலே எனக்குச் சோறு இறங்காது.

டொமினிகன் நாட்டில் அசுவா என் ஊர். பத்தொன்பது வயதில் என்னை ஹெரான்ஸ் அணிக்காரர்கள் பொறுக்கிக்கொண்டு ஜப்பானுக்கு வந்தார்கள். பேஸ்பாலில் என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று, வேகம். நான் போட்டால் பந்து கண்ணுக்குத் தெரியாது. எங்கே போகும் என்பது எனக்கும் தெரியாது. இரண்டாவது வருடம் வசந்த காலத்தில் முதல் அணிக்குக் கூப்பிட்டார்கள். எனக்கு மொழிபெயர்க்க வைத்திருந்த ஹிகா அண்ணன், பெருவில் பிறந்ததால் எங்கள் ஸ்பானிஷ் பேசும் ஜப்பானியர், "டியோரிஸ், பொழச்சுக்கிட்ட தம்பி" என்று முதுகில் ஒன்று வைத்தார். அம்மாவுக்கு போன் போட்டு அழுதேன். அந்தச் சந்தோஷம் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் தாங்கியது.

உராகாமி அந்த அணியின் கேட்சர். கேட்சர் என்றால் குத்தவைத்துப் பந்தைப் பிடிக்கிறவன் என்று மட்டும் நினைக்கக் கூடாது. எந்தப் பந்து, எந்தப் பக்கம் என்று விரலைக் காட்டி உத்தரவு போடுகிறவன் அவன்தான். பந்து போடுகிற பிட்சர் அதன்படி போட வேண்டும். அதிலும் அவ்வளவு பெரிய சீனியர் விரலைக் காட்டும்போது நேற்று வந்த பொடியன் தலையாட்டி மறுப்பதெல்லாம் இங்கே நடக்காத காரியம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எதிரணியில் கிஷிமோதோ என்று ஒரு குள்ளன் இருந்தான். உராகாமி பந்தை வீசித் தடுப்பதற்குள் அடுத்த பேஸுக்கு ஓடிப்போய் அதைத் திருடிக்கொண்டே இருந்தான். திருடிவிட்டு உராகாமியைப் பார்த்துப் பல்லைக் காட்டினான். முழு ஸ்டேடியமும் சிரித்தது. அடுத்து அவன் பேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தபோது உராகாமி எழுந்து என்னிடம் நடந்து வந்தான். கையுறையால் வாயை மூடிக்கொண்டான்.

"உள்ள போடு. நெஞ்சுக்குக் கிட்ட. அவன் சிரிப்பு நிக்கணும்."

அப்போது எனக்கு ஜப்பான் மொழி அரைகுறை. ஆனால் உடம்பை ஒட்டி என்றால் 'உள்ளே', தள்ளி என்றால் 'வெளியே', இரண்டும் பிட்சருக்கு முதல் வாரத்திலேயே பழகிவிடும். அவன் கையுறையைக் கிஷிமோதோவின் நெஞ்சை ஒட்டிக் காட்டினான். நான் போட்டேன். பந்து விலாவில் பட்டு கிஷிமோதோ சுருண்டு விழுந்தான்.

எங்கள் ஊரில் பந்து பட்டுவிட்டால் பிட்சர் மன்னிப்புக் கேட்க மாட்டான். கேட்டால் வேண்டுமென்றே போட்டேன் என்று ஒப்புக்கொண்ட மாதிரி. பட்டவன் எழுந்து, அடிக்காமலே கிடைத்த முதல் பேஸுக்குப் போவான், பிட்சர் அடுத்த பந்தை வாங்கிக்கொள்வான், அவ்வளவுதான். ஜப்பானில் பிட்சர் உடனே தொப்பியைக் கழற்றிப் பட்டவனைப் பார்த்துத் தலை குனிய வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த விஷயம். எல்லாருக்கும் தெரிந்த விஷயம் என்பதால்தான் எனக்கு யாரும் சொல்லவே இல்லை.

நான் சூயிங்கம் மென்றுகொண்டு நின்றேன். ஸ்டேடியம் கொதித்தது. ஏன் கத்துகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. உராகாமிக்குப் புரிந்தது. தன் தலையை ஒரு முறை தட்டிக் காட்டியிருந்தால் போதும், எனக்கு விஷயம் விளங்கியிருக்கும். அவன் தட்டவில்லை. கூச்சல் நன்றாக ஏறட்டும் என்று காத்திருந்தான். பிறகு முகமூடியையும் ஹெல்மெட்டையும் கழற்றி, கிஷிமோதோ முன்னால் இடுப்பு ஒடிய வளைந்தான். எதிரணியின் பெஞ்சைப் பார்த்து இன்னொரு முறை. கூட்டம் கை தட்டியது. மறுநாள் பேப்பரில் அந்தப் படம்தான். முன்னால் வளைந்து நிற்கும் பெருந்தன்மைக்காரன், பின்னால் அசை போடும் மாடு. அந்த மாடு நான்.

நெஞ்சுக்குப் போடச் சொன்னது அவன்தான் என்று நான் யாரிடம் சொல்வது? ஹிகா அண்ணனிடம் சொன்னேன். "உன் பேச்சை எவன் நம்புவான் தம்பி? அவன் பேரு அவ்ளோ பெருசு" என்றார்.

என்னைக் கீழே இரண்டாம் அணிக்குத் தள்ளினார்கள். அதோடு விட்டானா? "மரியாதையை நான் சொல்லிக்குடுக்கறேன்" என்று உராகாமி பொறுப்பை ஏற்றுக்கொண்டான். காலையில் பயிற்சி மைதானத்தின் கேட்டில் நான் நிற்க வேண்டும். உள்ளே வருகிற ஒவ்வொருவருக்கும் தொப்பியைக் கழற்றித் தலை குனிய வேண்டும். ஆட்டக்காரர்கள், புல் வெட்டுகிறவர்கள், மதிய சாப்பாட்டுப் பெட்டி கொண்டுவரும் பெண், தபால்காரர், எல்லாருக்கும். அவன் தன் முதல் அணி வேலைக்குப் போகும் வழியில் காரை நிறுத்தி வேடிக்கை பார்ப்பான். ஒருநாள் பக்கத்து வீட்டுக் கிழட்டு நாய் ஒன்று கேட்டைத் தாண்டி உள்ளே போனது. நான் சும்மா நின்றேன்.

கார் கண்ணாடி இறங்கியது. "டேய், அவருக்கும்தான்டா."

சுற்றி நின்ற பையன்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் நாய்க்குத் தொப்பியைக் கழற்றினேன். அந்த நாய் நல்ல நாய், நின்று வாலை ஆட்டிவிட்டுப் போனது. அன்றைக்கு அந்த இடத்திலேயே ஒன்றை முடிவு செய்தேன். இந்த ஆள் மண்ணைக் கவ்வுவதைக் கண்ணால் பார்க்காமல் நான் ஊருக்குப் போக மாட்டேன்.

இலையுதிர் காலத்தில் ஹெரான்ஸ் என்னைக் கழற்றிவிட்டது. 'மரியாதை தெரியாத பையன்' என்ற பெயர் எனக்கு முன்னால் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்திருந்தது. வேறு எந்தப் பெரிய அணியும் சேர்க்கவில்லை. ஷிகோகுத் தீவில், யாருக்கும் வேண்டாதவர்கள் ஆடும் ஒரு சின்ன லீகில் போய் விழுந்தேன். என் சட்டையை நானே துவைத்தேன். மைதானத்தில் களையும் பிடுங்கினேன். சாயங்காலங்களில் வேறு பிழைப்பு இல்லாததால் கர்வ் பந்து ஒன்றைப் போட்டுப் போட்டுப் பழகினேன். மெதுவான பந்து. பேட்ஸ்மேனின் காதை நோக்கிக் கிளம்பும், கிட்டே போனதும் மனசு மாறினாற்போல வளைந்து அவன் முட்டிக்கு இறங்கும். மைதானத்துச் சுவரில் ஒரு கறுப்பு வட்டம் வரைந்து பழகினேன். அந்த வட்டத்துக்கு யார் பெயர் வைத்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதற்கடுத்த வருடம் பாந்தர்ஸ் அணி என்னைப் பயிற்சி நிலை ஆட்டக்காரனாக எடுத்துக்கொண்டது. ஹிகா அண்ணனும் அதற்குள் அங்கேதான் வேலைக்கு வந்திருந்தார். என் முதுகில் மூன்று இலக்க எண். மூன்று இலக்கம் என்றால் இரண்டாம் அணியோடு சரி, முதல் அணி மேட்சில் காலடி வைக்க முடியாது. ஜூலை முடிவதற்குள் இரண்டு இலக்க எண் கொடுத்தால் ஆட்டக்காரன். கொடுக்காவிட்டால் அந்த வருடம் போயிற்று. என் மாதிரி பெயர் கெட்டவனுக்கு அடுத்த வருடம் என்று ஒன்று கிடையாது. ஊருக்கு டிக்கெட்தான்.

ஜூலையின் கடைசி வாரம். ஆற்றங்கரையில் எங்கள் இரண்டாம் அணி மைதானம். வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். கழுத்தில் துண்டைச் சுற்றிய ஓய்வுபெற்ற ஆசாமிகள் பார்லித் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் எல்லாரையும் பெயர் சொல்லிக் கிண்டல் செய்பவர்கள். அங்கே கூட்டம் குறைவு என்பதால் யார் என்ன சொன்னாலும் மைதானம் முழுக்கக் கேட்கும். அன்று வலைக்குப் பின்னால் ஒரு புது ஆள் கைகட்டி உட்கார்ந்திருந்தார். முதல் அணியின் மேனேஜர் முனெகாதா. என்னைப் பார்க்கத்தான் வந்திருந்தார்.

ஹிகா அண்ணன் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். "தம்பி, நல்லாக் கேட்டுக்க. மேனேஜர் சொல்லிட்டார். உன் வேகம் எல்லாருக்கும் தெரியும், அதைப் பார்க்க அவர் வரல. இன்னைக்கு ஒருத்தன் மேல, ஒரே ஒருத்தன் மேல பந்து பட்டாலும் எண் கிடையாதாம். புரியுதா?"

"புரியுது அண்ணே. இன்னைக்கு யார்கூட மேட்ச்?"

அவர் தொண்டையைச் செருமினார். "ஹெரான்ஸ் ரெண்டாம் அணி. உராகாமி வந்திருக்கான். முட்டி வலின்னு கீழ எறக்கிட்டாங்க. அவனும் எப்படியாவது மேல ஏறணும்னுதான் துடிக்கிறான். போய் ஒரு வணக்கம் சொல்லிட்டு வந்துரு. மேனேஜர் பார்த்துக்கிட்டு இருக்கார்."

ஆட்டத்துக்கு முன்னால் எதிரணியில் இருக்கும் பழைய சீனியரைத் தேடிப்போய் வணங்க வேண்டும். அதுவும் இந்த ஊர் வழக்கம். போனேன். தொப்பியைக் கழற்றினேன், குனிந்தேன். உராகாமி தடித்திருந்தான். என் மொட்டைத் தலையைத் தட்டிக்கொடுத்தான், நாயைத் தட்டுகிற மாதிரியே.

"பரவால்லயே! நான் குடுத்த ட்ரெய்னிங் வீண் போகல. நாய்க்கெல்லாம் இன்னும் கழட்டுறியா?"

"நீங்க வந்தா கழட்டுறேன் அண்ணே" என்றேன். என் ஜப்பான் மொழி இப்போது நன்றாகவே தேறியிருந்தது.

அவன் முகம் ஒரு கணம் செத்தது. பிறகு கிட்டே வந்து மெதுவாகச் சொன்னான். "ஒருத்தன் மேல பட்டாக்கூட உன்னை மூட்டை கட்டிருவாங்களாமே? ஊரெல்லாம் பேச்சு. என் முழங்கை கவசத்தைப் பார்த்தியா, எவ்ளோ தடி? நான் நல்லா உள்ள வந்து நிக்கிறேன்டா. போடு பார்ப்போம். எனக்கு ஒரு பேஸு, உனக்கு ஒரு டிக்கெட்டு."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. இத்தனை நாளாக நான் கறுவிக்கொண்டிருந்ததெல்லாம் என்ன? அவன் விலாவில் ஒன்று போட வேண்டும், அவன் சுருள வேண்டும் என்பதுதான். இப்போது அவனே விலாவைக் காட்டிக்கொண்டு நிற்கிறான், அடித்தால் ஒழிந்துபோகிறவன் நான். பழிவாங்குகிற சுகத்தைக்கூட என்னிடமிருந்து பிடுங்கிவிட்டானே என்று பல்லைக் கடித்தேன்.

ஏழாவது சுற்றில் என்னை இறக்கினார்கள். முதல் இரண்டு பேர் பந்தைக் கண்ணால்கூடப் பார்க்காமல் போனார்கள். வலைக்குப் பின்னால் முனெகாதா கை கட்டை அவிழ்க்கவில்லை. மூன்றாவது ஆளாக உராகாமி வந்தான்.

சொன்னபடியே நின்றான். ஷூ முனை பேட்ஸ்மேன் கட்டத்தின் உள்கோட்டை முத்தமிட, முழங்கையை வாசலில் நீட்டிய குடை மாதிரி நீட்டிக்கொண்டு. பார்க்கிறவர்களுக்கு அது துணிச்சல். எனக்கு மட்டும்தான் அது என்னவென்று தெரியும். எங்கள் கேட்சர் மினோவா கையுறையை வெளிப்பக்கம் தள்ளிவைத்தான். வெளியே போட்டேன். ஸ்ட்ரைக்.

"உள்ள போட பயமாடா?" என்றான் உராகாமி. நடுவரே திரும்பிப் பார்த்தார்.

கோபத்தில் போட்ட இரண்டாவது பந்து கையை விட்டு நழுவி உள்ளே போனது. முழங்கையை இம்மியும் நகர்த்தவில்லை அவன். பந்து கவசத்தை உரசாமல் தப்பிப் போனது. அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்து அடுத்ததை என் பலம் மொத்தமும் கூட்டி வெளியே போட்டேன். அடித்தான், கோட்டுக்கு வெளியே பின்னால் சிதறிப் போனது, அதுவும் கணக்கில் சேரும். இரண்டாவது ஸ்ட்ரைக், இன்னொன்று விழுந்தால் அவன் அவுட்.

வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கலாம் என்று தொப்பியில் கை வைத்தேன்.

அப்போதுதான் பார்த்தேன். உராகாமியின் கண் என் கையை விட்டுவிட்டுத் தொப்பிக்குப் போனது. கூடவே அவன் முன் கால் பின்னுக்கு நகர்ந்தது. கொஞ்சம்தான், பாதி ஷூ அளவு. பிறகு தானே வெட்கப்பட்டது மாதிரி பழைய இடத்துக்கு வந்தது.

எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. தொப்பி எப்போது கழலும் என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே இவன்தானே! பந்து பட்ட பிறகு கழலும். பட்ட ஆளைப் பார்த்துக் கழலும். பந்து படும் முன்னாலேயே கழன்றால் அவன் என்ன நினைப்பான்?

மினோவா வெளிப்பக்கம் விரல் காட்டினான். மறுத்தேன். வேகப்பந்து காட்டினான். மறுத்தேன். கடைசியில் சந்தேகத்தோடு கர்வ் காட்டினான். சரி என்றேன். ஹெரான்ஸில் இருந்தபோது என்னிடம் கர்வ் கிடையாது. என் பந்துகளையெல்லாம் பிடித்த உராகாமிக்கு என்னைப் பற்றித் தெரியாதது உலகத்திலேயே அது ஒன்றுதான். அது வளையாமல் நேரே போய் அவன் காதில் இறங்கினால் நான் ஒழிந்தேன், அதுவும் தெரியும். போகட்டும் என்று இருந்தது. அவ்வளவு வன்மம்.

தொப்பியைக் கழற்றினேன். கேட்டில் நின்று கழற்றிய அதே மாதிரி, இரண்டு கையாலும், நெஞ்சுக்கு நேராகப் பிடித்து. அவன் கண்ணை நேராகப் பார்த்தேன். மெதுவாகத் தலை குனிந்தேன். 'மன்னிச்சுக்குங்க அண்ணே, இப்ப வலிக்கும்' என்று வாய் திறந்து சொல்லியிருந்தால்கூட அவ்வளவு தெளிவாக இருந்திருக்காது.

உராகாமியின் முகத்தில் ஈயாடவில்லை. அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். மறக்க விரும்பவும் இல்லை.

தொப்பியைப் போட்டுக்கொண்டு பந்தை விட்டேன். அது அவன் காதை நோக்கிக் கிளம்பியது. அவன் 'ஆ' என்று ஒரு சத்தம் போட்டான். பேட் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம் பறந்தார்கள். இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு குப்புற விழுந்தான். விழுந்த வேகத்தில் ஹெல்மெட் கழன்று உருண்டு என்னைப் பார்க்க வந்தது. பந்து யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல், சோம்பேறித்தனமாக வளைந்து, நடுவில் இறங்கி மினோவாவின் கையுறையில் உட்கார்ந்தது.

"ஸ்ட்ரைக்! அவுட்!"

உராகாமி தலையைத் தூக்கினான். இரண்டு கையும் முட்டியும் மண்ணில். வாயெல்லாம் புழுதி. வெறுந்தலை. என் திசையில்.

கழுத்தில் துண்டு சுற்றிய ஒரு ஆசாமி முதல் வரிசையில் இருந்து குரல் கொடுத்தார்.

"உராகாமி அண்ணே! மன்னிப்பு கேட்டது போதும், எந்திரிங்க!"

அப்புறம் சிரிப்பு வெடித்தது பாருங்கள். எங்கள் பெஞ்ச் சிரித்தது. அவன் சொந்த பெஞ்சில், கேட்டில் என்னைப் பார்த்துச் சிரித்த அதே பையன்கள், துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினார்கள். தொப்பிக்கு என்ன அர்த்தம் என்று அவர்களுக்குத் தெரியாதா என்ன?

உராகாமி எழுந்து என்னை நோக்கி வந்தான். நடுவர் குறுக்கே பாய்ந்தார். "எதுக்குடா தொப்பியைக் கழட்டின? சொல்லுடா! எதுக்குக் கழட்டின?"

"வேர்த்துச்சு அண்ணே" என்றேன், இருக்கிற மரியாதையையெல்லாம் சேர்த்து.

அவன் என்ன புகார் சொல்ல முடியும்? தொப்பியைக் கழற்றித் தலை குனிந்துவிட்டான் என்றா? நடுவர் அவனை முதுகில் தட்டித் திருப்பி அனுப்பினார். என் மேல் குற்றம் சொல்ல அவனுக்கு அவன் சொல்லிக்கொடுத்த மரியாதை மட்டும்தான் மிச்சம் இருந்தது.

ஆட்டம் முடிந்ததும் முனெகாதா என்னைக் கூப்பிட்டார். ஹிகா அண்ணன் கூடவே வந்து மொழிபெயர்க்க வாயைத் திறந்தார். வேண்டாம் என்று கை காட்டினேன்.

"உனக்குத் தொப்பி கழட்டத் தெரியாதுன்னு சொன்னாங்க" என்றார் மேனேஜர்.

"தெரியும் சார்."

"பார்த்தேன். பந்து போடறதுக்கு முன்னாடியே கழட்டுற ஆளை இப்பதான் பார்க்கிறேன்." முகத்தில் சிரிப்புக்கான தடயமே இல்லை. "இனிமே பேட்ஸ்மேனைப் பார்த்து அப்படிச் செய்யாத."

"சரி சார்."

"அறுபத்தி நாலாம் நம்பர் சட்டை காலியா இருக்கு. உனக்குச் சரியா இருக்குமா?"

ஹிகா அண்ணன் அங்கேயே உட்கார்ந்து அழுதார். நான் அழவில்லை. மண் தின்ற அந்த முகத்தைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எண்ணைவிட அதுதான் இனித்தது.

உராகாமி அதன்பிறகு முதல் அணிக்கு ஏறவே இல்லை. அந்த வருடக் கடைசியில் ஓய்வு பெற்றான். முட்டி என்று பேப்பரில் போட்டார்கள். இப்போது டிவியில் வர்ணனை செய்கிறான். அவன் வர்ணனை செய்கிற நாட்களில் நான் ஆட வேண்டி வந்தால் மேனேஜருக்குக் கொடுத்த வாக்கை மீற மாட்டேன், பேட்ஸ்மேனைப் பார்த்துக் கழற்ற மாட்டேன். சுற்று முடிந்து பெஞ்சுக்குத் திரும்பும்போது, மேலே வர்ணனைக்காரர்களின் கண்ணாடி அறை இருக்கும் பக்கம் திரும்பி, இரண்டு கையாலும் தொப்பியைக் கழற்றி, மெதுவாகக் குனிகிறேன். ரசிகர்களுக்கு மனசு உருகிப்போகிறது. குருபக்தி என்று எழுதுகிறார்கள்.

கூட உட்கார்ந்திருக்கும் அறிவிப்பாளனுக்கு ஒன்றும் தெரியாது, பாவம். ஒவ்வொரு தடவையும் ஆசையாகக் கேட்கிறான். "உராகாமி சார், உங்க சிஷ்யப்பிள்ளை எவ்ளோ மரியாதை பாருங்க! நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க?"

நேரடி ஒளிபரப்பு. நாடு முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறது. தொண்டையில் முள் மாட்டியவன் மாதிரி அவன் சொல்வான்.

"ஆமா."

ஹிகா அண்ணன் அதையெல்லாம் எனக்காகப் பதிவு செய்து வைத்திருக்கிறார். வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டைப் போட்டு உட்கார்ந்ததும் அந்த 'ஆமா'வைப் போட்டுக் கேட்பேன். அன்றைக்கு மட்டும் சோறு நன்றாக இறங்குகிறது.